இயற்பியல் படிக்கச் சென்னைக்கு வரும் மகனுக்கு எந்தக் கல்லூரி?

கேள்வி: நாங்கள் செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். எனக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு சிறிய மளிகைக் கடையும் உண்டு. என் மகன் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பிளஸ் டூவில் 600-க்கு 541 மதிப்பெண் எடுத்திருக்கிறான். பொறியியல் வேண்டாம், இயற்பியல்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறான். என் மைத்துனர் சென்னையில் லயோலாவைப் போல் வேறெதற்கும் பேர் இல்லை என்கிறார். பள்ளித் தலைமையாசிரியர் மாநிலக் கல்லூரியைச் சொல்கிறார். மகனோ தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். எந்தக் கல்லூரிக்குப் பேர் அதிகம்? எந்த வளாகம் நல்லது? அரசுக் கல்லூரியில் சேர்த்தால் பேருந்துத் தகராறுகளில் மாட்டிக்கொள்வானோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் மூன்று பெரியவர்கள் மூன்று கருத்தோடு இருக்கிறீர்கள். ஒருவன் மட்டும் தெளிவாக இருக்கிறான். இயற்பியல்தான் படிப்பேன் என்று ஒரு கிராமத்துப் பையன், அதுவும் இந்த மதிப்பெண்ணோடு, பொறியியல் வேண்டாமென்று சொல்வது எளிதான காரியமில்லை. முப்பது ஆண்டுகள் இயற்பியல் ஆசிரியராக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு சேர்க்கைக் காலத்தில் பெற்றோர்களோடு உட்கார்ந்து பேசிவரும் எனக்கு, அந்த ஒரு வரியைப் படித்ததும் மனம் நிறைந்தது. ஆகவே நீங்கள் கேட்ட கேள்வியைச் சற்றுத் திருப்பி, 'இயற்பியல் படிக்க விரும்பும் இந்தப் பையனுக்கு எந்தத் துறை, எந்த அன்றாட வாழ்க்கை பொருந்தும்' என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். கல்லூரியின் பேர், வளாகம் இரண்டும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

முதலில் பேர். மாநிலக் கல்லூரி 1840-இல் பள்ளியாகத் தொடங்கியது. சர் சி. வி. ராமன் அங்கே படித்து, 1904-இல் பி.ஏ.வும் 1907-இல் எம்.ஏ.வும் முடித்தார். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1925 முதல் 1930 வரை அங்கே படித்தார். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற இருவர் ஒரே கல்லூரியில் பட்டம் பெற்றிருப்பது எந்த ஊருக்கும் பெருமைதான். உங்கள் தலைமையாசிரியர் அதை மனத்தில் வைத்தே சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பெருமை எப்படி வந்தது என்று பாருங்கள். ராமனின் ஆசிரியர் ஜோன்ஸ், அந்தப் பையனை வகுப்பில் கட்டிப்போடாமல், ஆய்வகத்தைத் தன் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ள விட்டுவிட்டார். அந்த ஆய்வகத்தில் செய்த வேலையிலிருந்துதான் 1906-இல், பதினெட்டு வயதில், அவருடைய முதல் கட்டுரை லண்டன் ஆய்விதழில் வெளிவந்தது. 1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேசினார். மாணவராக இருந்த சந்திரசேகர் அவரைத் தனியே தேடிச் சென்று, தான் படித்திருந்த பாடநூல் பழையதாகிவிட்டது என்பதையும், குவாண்டம் கொள்கை எங்கே போய்விட்டது என்பதையும் அவர் வாயாலேயே தெரிந்துகொண்டார். கதவைத் திறந்துவிட்ட ஓர் ஆசிரியரும், வெளியுலகிலிருந்து வந்த ஒரு விருந்தினரும்தான் அந்த இரு மாணவர்களுக்கும் வழி திறந்தவர்கள். இன்றைக்கு நீங்கள் விசாரிக்க வேண்டியதும் அதைத்தான்: ஆய்வகம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது? வெளியிலிருந்து யாரேனும் வந்து பேசுகிறார்களா?

லயோலாவின் கதையும் இதே போன்றதுதான். 1925-இல் இயேசு சபையினர் தொடங்கிய அந்தக் கல்லூரிக்குக் கணித உலகில் தனி மரியாதை உண்டு. சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன் போன்ற உலகறிந்த கணித மேதைகள் அங்கே படித்தவர்கள். அந்த மரியாதையின் பெரும்பகுதி சார்லஸ் ராசின் என்ற ஒரு பிரெஞ்சுக் குருவானவரைச் சேரும். பாரிஸில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று 1930-களின் இறுதியில் தமிழகம் வந்த அவர், இங்கே யாரும் சொல்லிக்கொடுக்காத நவீன கணிதத்தைச் சொல்லிக்கொடுத்தார். திறமையுள்ள மாணவர்களைத் தேர்வுக்கு மட்டும் தயார்செய்யாமல் ஆராய்ச்சிக்கு அனுப்பினார். ஒரே ஒரு ஆசிரியர் ஒரு கல்லூரியின் பெயரை அரை நூற்றாண்டுக்குத் தூக்கி நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அவர் காலமாகி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது. உங்கள் மைத்துனர் சொல்லும் பேர் பொய்யில்லை. ஆனால் அதில் எவ்வளவு பங்கு இன்றைய இயற்பியல் துறைக்கு உரியது என்பதை அந்தத் துறைக்குள் போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும்.

தரவரிசைப் பட்டியலைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தேசியத் தரவரிசையில் 2023-இல் மாநிலக் கல்லூரி இந்தியாவிலேயே மூன்றாம் இடத்திலும் லயோலா ஏழாம் இடத்திலும் இருந்தன. அடுத்த ஆண்டே மாநிலக் கல்லூரி முதல் பத்துக்கு வெளியே போய்விட்டது. லயோலா எட்டாம் இடத்தில் நின்றது. அந்த ஓராண்டில் மாநிலக் கல்லூரியின் இயற்பியல் வகுப்பறைகளில் எதுவும் தலைகீழாக மாறிவிடவில்லை. ஆசிரியர் எண்ணிக்கை, செலவு, ஆராய்ச்சி, தேர்ச்சி, மாணவர்களின் பின்னணி என்று பலவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டுவதால், இங்கொன்றும் அங்கொன்றும் நகர்ந்தாலே வரிசை மாறிவிடும். அத்தோடு, அந்த மதிப்பெண் முழுக் கல்லூரிக்கும் சேர்த்துத் தரப்படுவது. வணிகவியலும் தமிழும் இயற்பியலும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்படுகின்றன. கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் குழு தரும் தரமும் அப்படித்தான். இவற்றை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. மூன்று கல்லூரிகளும் நல்ல கல்லூரிகள் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள அவை போதும்; மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவை உதவா.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை. இந்த மூன்று கல்லூரிகளும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பட்டம் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். ஆனால் மூன்றும் தன்னாட்சிக் கல்லூரிகள். லயோலாவும் கிறித்தவக் கல்லூரியும் 1978 முதலும், மாநிலக் கல்லூரி 1987 முதலும் தத்தம் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்து, தேர்வையும் தாமே நடத்துகின்றன. ஆகவே ஒரே பி.எஸ்சி. இயற்பியல் மூன்று இடங்களில் மூன்று விதமாக இருக்கும். பாடத்திட்டத்தை வாங்கி உங்கள் மகனையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துணைப்பாடமாகக் கணிதம் எத்தனை பருவங்களுக்கு இருக்கிறது, குவாண்டம் இயக்கவியல் எந்த ஆண்டில் வருகிறது, கணினி நிரலாக்கம் செய்முறையாக உண்டா, மூன்றாம் ஆண்டில் ஒரு சிறு ஆய்வுத்திட்டம் செய்ய வேண்டுமா என்று பார்த்தாலே போதும். பட்டப்படிப்புக்குப் பிறகு ஐ.ஐ.டி.களிலும் இந்திய அறிவியல் கழகத்திலும் மேற்படிப்பில் சேர்வதற்கு ஜாம் என்ற தேர்வு இருக்கிறது. அதற்குக் கணிதத்தில் வலுவான அடித்தளம் வேண்டும். மூன்றாண்டு கழித்து அங்கே போக வேண்டும் என்று நினைக்கும் பையனுக்கு, துணைப்பாடக் கணிதம் குறைந்த கல்லூரி எவ்வளவு பேர் பெற்றதானாலும் நஷ்டம்தான்.

இனி வளாகம். உங்கள் மகன் ஏன் தாம்பரத்தை மறக்க முடியாமல் இருக்கிறான் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. 1837-இல் ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளியாகத் தொடங்கி, இடம் போதாமல் 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த கல்லூரி அது. 365 ஏக்கர் அளவுக்கு விரிந்த நிலம். புதர்க்காடு, புள்ளிமான்கள், வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் ஆண்டுக்கணக்கில் நட்டு வளர்த்த மரங்கள். சென்னையில் வேறெங்கும் இல்லாத அமைதி அங்கே உண்டு. ஆனால் மரங்களைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகத் தெரிவது அங்குள்ள 'ஹால்'கள். சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் ஆகிய மாணவர் இல்லங்களை வெறும் ஹாஸ்டலாக யாரும் அங்கே நினைப்பதில்லை. மாணவர்களே பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, மூத்தவர்களும் இளையவர்களும் கூடி வாழும் நெடுநாள் மரபு அவற்றுக்கு உண்டு. வீட்டைவிட்டு முதன்முறையாக வெளியே வரும் பையனுக்கு, இரவு பத்து மணிக்கு ஒரு கணக்குப் புரியாவிட்டால் பக்கத்து அறைக் கதவைத் தட்ட முடிவது பெரிய காரியம். ஆனால் ஹாலில் எல்லோருக்கும் இடம் கிடைக்காது. ஹாலில் இடம் இல்லாமல், வெளியே வாடகை அறையில் தங்கிக்கொண்டு பகலில் மட்டும் வந்து போனால், அவன் பார்த்துவிட்டு வந்த அந்த வளாகத்தில் பாதி அவனுக்குக் கிடைக்காது. கல்லூரியில் இடம் கிடைத்ததும் ஹாலில் இடம் உண்டா என்பதை அன்றே கேட்டுவிடுங்கள்.

லயோலா நகரின் நடுவில், நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தை ஒட்டி, ஏறத்தாழ நூறு ஏக்கரில் இருக்கிறது. கிறிஸ்து அரசர் ஆலயத்தின் உயர்ந்த கோபுரமும் நிழல் சாலைகளும் பார்ப்பவர் மனத்தை ஈர்க்கும். எல்லாம் ஒழுங்கோடு பராமரிக்கப்படுகின்றன. புறநகர் ரயிலில் வந்து போகிறவர்களுக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. தாம்பரத்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் கல்லூரி வாசலுக்கு வந்துவிடலாம்.

மாநிலக் கல்லூரியை நீங்கள் வெளியிலிருந்து பார்த்திருந்தால் பழைய கட்டடம் என்று தோன்றியிருக்கலாம். சிஷோம் வடிவமைத்து 1870-இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடம் மெரினாவைப் பார்த்து நிற்கிறது. அழகைப் பொறுத்தவரை அதற்கு நிகர் சென்னையில் சிலவே. பராமரிப்பில், தனிப்பட்ட அறக்கட்டளைகள் நடத்தும் கல்லூரிகளோடு அரசுக் கட்டடத்தை ஒப்பிடக் கூடாது. கழிப்பறையையும் குடிநீரையும் நேரில் போய்ப் பாருங்கள்; அவை சிறு விஷயங்கள் இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு ஒரு சிறப்பு உண்டு, அதைப் பெற்றோர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பக்கத்திலேயே சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. அதே பாதையில் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் பிர்லா கோளரங்கமும் இருக்கின்றன. இன்னும் சற்றுத் தள்ளித் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம். அதன் அருகிலேயே ஐ.ஐ.டி.யும் இருக்கிறது. அந்தக் கணித அறிவியல் நிறுவனத்தில் கோட்பாட்டு இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறவர்கள் பொதுமக்களுக்காகவும் மாணவர்களுக்காகவும் உரைகள் நிகழ்த்துவதுண்டு. சந்திரசேகருக்கு ஒரு சோமர்ஃபெல்ட் கிடைத்தது போல, கேட்கத் துணிந்த பையனுக்கு அங்கே பலர் கிடைப்பார்கள். கல்லூரிச் சுவருக்கு உள்ளே இருக்கும் நிலத்தை மட்டும் வளாகமென்று எண்ணினால் கிறித்தவக் கல்லூரிக்கு ஈடில்லை; சனிக்கிழமை ஒரு ரயில் சீட்டில் போய் வரக்கூடிய இடங்களையும் சேர்த்து எண்ணினால் சேப்பாக்கம் முன்னால் நிற்கும்.

பச்சையப்பன் கல்லூரியையும் மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியையும் நீங்கள் குறிப்பிடவில்லை. இரண்டிலும் விண்ணப்பியுங்கள். விவேகானந்தா ராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்தது. 1946-இல் தொடங்கிய அமைதியான கல்லூரி. பச்சையப்பனில் 1906-இல் சேர்ந்த ராமானுஜன் கணிதத்தில் மூழ்கி மற்ற பாடங்களைக் கைவிட்டதால் இடைநிலைத் தேர்வில் தேறவில்லை என்பதை உங்கள் மகனிடம் சொல்லி வையுங்கள். இயற்பியலின் மீது உள்ள ஆசையில் ஆங்கிலத்தையும் துணைப்பாடத்தையும் விட்டுவிடும் பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பணம். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே கூரையின் கீழ் இரண்டு கல்லூரிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உதவி பெறும் பிரிவு. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் கட்டணம் குறைவு. மற்றொன்று சுயநிதிப் பிரிவு. மாணவர் கட்டணத்தில்தான் எல்லாம் நடக்க வேண்டும் என்பதால் கட்டணம் பல மடங்கு. காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று சொல்வதும் பெரும்பாலும் இந்தப் பிரிவினையைத்தான் குறிக்கும். 'லயோலாவில் இடம் கிடைத்துவிட்டது' என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவில் என்று கேட்காமல் மகிழ்ச்சி அடைய வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் கல்லூரியின் பேரை நம்பிச் சுயநிதிப் பிரிவில் மகனைச் சேர்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்காக நகையை அடகு வைத்துவிட்டு என்னிடம் வந்தது. முன்கூட்டியே என்னிடம் வந்தபோது நான் பிரிவைப் பற்றி அழுத்திச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆகவே உங்களிடம் அழுத்தியே சொல்கிறேன்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவர்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். கல்லூரியில் சேர்ந்ததும் அதற்குரிய பொறுப்பாசிரியரைப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

பயிற்றுமொழி பற்றி ஒரு வார்த்தை. பின்னாளில் ஆசிரியராகவோ அரசு அலுவலராகவோ ஆகும் எண்ணம் உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பள்ளிப்படிப்பு முதல் அந்தப் பணிக்குரிய கல்வித்தகுதி வரை முழுவதையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பட்டத்தை ஆங்கிலவழியில் படித்தால், பட்டம் கேட்கும் பணிகளுக்கு அந்த முன்னுரிமை போய்விடும். மறுபக்கம், ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் பையன் ஆங்கிலத்தில் இயற்பியல் படித்தே ஆக வேண்டும். அதை இன்றைக்கோ மூன்றாண்டு கழித்தோ அவன் தாண்டித்தான் போக வேண்டும். உங்கள் மகன் சொல்வதை வைத்துப் பார்த்தால் நான் ஆங்கிலவழியைத்தான் சொல்வேன். முதல் ஆறு மாதம் கஷ்டப்படுவான். அந்த ஆறு மாதத்தில் மதிப்பெண் குறைந்தால் நீங்கள் கடிந்துகொள்ளாமல் இருக்க வேண்டும்.

பேருந்துத் தகராறுகளைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. நகரத்துச் சில கல்லூரி மாணவர்கள் பேருந்து வழித்தடத்தை வைத்துக் குழு சேர்ந்து மோதிக்கொள்வது நெடுநாளாக நடந்துவரும் ஒன்று. அதனால் வாழ்க்கை கெட்டவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கல்லூரிகளில் படிக்கும் ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் முதல் தலைமுறையாகப் பட்டம் பெற வந்து, பகுதிநேர வேலையும் பார்த்துக்கொண்டு, எந்தத் தகராறுக்கும் போகாமல் படித்து முடிக்கிறவர்கள். ஒரு சிலருடைய செயலுக்காக அவர்கள் அனைவருடைய கல்லூரிக்கும் கெட்ட பேர் சூட்டுவது எனக்கு எப்போதும் மனவருத்தம் தருகிற காரியம். உங்கள் மகன் கல்லூரிக்கு அருகில் விக்டோரியா விடுதியிலோ, அரசின் சமூகநல விடுதிகளிலோ தங்கினால், அல்லது ரயிலில் வந்து போனால், அந்தக் குழுக்களோடு அவனுக்கு வேலையே இராது. சேர்ந்த முதல் வாரத்தில் யாரேனும் 'நம்ம ரூட்டு' என்று அழைத்தால், போகாதே என்று இப்போதே சொல்லி அனுப்புங்கள்.

என் முடிவைக் கேட்டீர்களானால் இதுதான். ஐந்திலும் விண்ணப்பியுங்கள். அரசுக் கல்லூரிக்கான விண்ணப்பம் இணையத்தில் தனியாக வரும்; மற்றவற்றுக்கு அந்தந்தக் கல்லூரியின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிறித்தவக் கல்லூரியில் உதவி பெறும் பிரிவும் ஹாலில் இடமும் இரண்டும் சேர்ந்து கிடைத்தால், அதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனின் ஆசை தவறானதில்லை. ஹாலில் இடம் இல்லை, ஆனால் லயோலாவில் உதவி பெறும் பிரிவில் இடம் இருக்கிறது என்றால் லயோலா. இவை இரண்டிலும் சுயநிதிப் பிரிவுதான் கிடைக்கிறது என்றால், தயங்காமல் மாநிலக் கல்லூரிக்குப் போங்கள். மிச்சமாகும் பணத்தில் அவனுக்கு நல்ல பாடநூல்களும் ஒரு மடிக்கணினியும் வாங்கிக்கொடுக்கலாம். விடுமுறையில் ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் போய்வரும் செலவுக்கும் ஆகும். அறிவியல் கழகங்கள் மாணவர்களுக்குத் தரும் இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு இரண்டாம் ஆண்டில் அவன் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை இப்போதே குறித்து வையுங்கள்.

மூன்று கல்லூரிக்கும் தனித்தனியே ஒவ்வொரு வேலைநாளில், காலை பதினொன்றரை மணிக்குப் போங்கள். அலுவலகத்துக்குப் போகும் முன்பே இயற்பியல் துறையைக் கேட்டுச் சென்று, ஆய்வகத்தின் வாசலில் நின்று பாருங்கள். மாணவர்கள் கருவியைத் தொட்டுச் செய்கிறார்களா, ஒருவர் செய்ய நான்கு பேர் பார்த்து எழுதுகிறார்களா என்று தெரிந்துவிடும். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரை உங்கள் மகனே தனியாகப் பார்த்து, சென்ற ஆண்டு எம்.எஸ்சி.க்கு யார் யார் எங்கே போனார்கள் என்று கேட்கட்டும். அப்போது நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள். அரசுக் கல்லூரியின் தரவரிசை நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துக் கணக்கிடப்படுவதால், 541-இல் அந்த நான்கின் கூட்டுத்தொகை எவ்வளவு என்பதை எனக்கு எழுதுங்கள். சாதிச் சான்றிதழ், தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை இந்த வாரமே எடுத்து வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்